கடை தமிழனுடையது, தெரு எவனுடையது?

வணிகம் என்பது பொருளைக் கொடுத்துப் பணம் பெறுவது மட்டும் அன்று. இன்ன பொருள் இன்ன இடத்தில் உள்ளது என்பதை வேண்டுவோர்க்கு அறிவிப்பதும் அதில் சரிபாதியாகும். மதுரையின் நாளங்காடியையும் அல்லங்காடியையும் மதுரைக்காஞ்சி விரித்துரைக்கின்றது. காவிரிப்பூம்பட்டினத்தில் பறந்த பல்வகைக் கொடிகளைப் பட்டினப்பாலை காட்டுகின்றது. கள் விற்ற கடைக்கும் ஒரு கொடி இருந்தது. அக்கொடிதான் அற்றை விளம்பரம். கொடி வணிகனுடையது, அக்கொடி நின்ற தெருவோ ஊருடையது. தன் கொடியை ஊரார் நிமிர்ந்து பார்த்த ஒவ்வொரு பார்வைக்கும் எந்த வணிகனும் எவனுக்கும் காசு கொடுத்தானில்லை.

இற்றைக்குக் கொடி கைப்பேசிக்குள் பறக்கின்றது. அது பறக்கும் தெரு, கடல் கடந்த ஒரு சில பெருநிறுவனங்களின் தனியுடைமையாக உள்ளது. தேடுபொறி ஒரு நிறுவனத்தினது. முகநூலும் புலனமும் படவரியும் மற்றொரு நிறுவனத்தினவே. அத்தெருவில் யார் கடை முன்னே தெரியவேண்டும், யார் கடை இருளில் கிடக்கவேண்டும் என்பதை ஊர் முடிவு செய்வதில்லை. தெருவை உடையவனே முடிவு செய்கின்றான். எண்ணிம வணிகம் பற்றிப் பேசுவோர் அதன் பளபளப்பைப் பற்றியே பேசுகின்றனர். இந்த உடைமைக் கேள்வியை எழுப்புவார் மிகச் சிலரே. வளரும் நாடொன்றில் இக் கேள்விக்கு விடை காணாமல் அவ்வணிகத்தின் நன்மை தீமைகளை அளந்து கூறவே இயலாது.

நன்மை இல்லை என்பார் உண்மையை மறைப்பாரே ஆவர். கோவிற்பட்டிக் கடலைமிட்டாய் 2020-இலும், மணப்பாறை முறுக்கு 2023-இலும் புவிசார் குறியீடு பெற்றன. காஞ்சிப்பட்டும் பவானிச் சமக்காளமும் அதற்கும் முன்னரே பெற்றன. இத்தகு பொருள்களைச் செய்யும் எளிய தொழிலாளி முன்பெல்லாம் தன் ஊர் எல்லையைத் தாண்டி விற்கவேண்டுமாயின், பெருநகரில் கடை பிடிக்கவேண்டும். அல்லது இடைத்தரகன் சொன்ன விலைக்குத் தலையாட்டவேண்டும். இன்று அவன் நெய்த சேலையின் படம் நொடிப் பொழுதில் கோலாலம்பூரிலும் சிங்கையிலும் தொரந்தோவிலும் உள்ள தமிழர் கைக்குச் சென்று சேர்கின்றது. செய்தித்தாளில் கால் பக்கம் விளம்பரம் கொடுக்க வழியற்றவனும், நூறு உருபாவில் தன் பொருளைச் சில ஊர்களுக்கு அறிவித்துப் பார்க்கலாம். இது பெரும் வாய்ப்பே. இதனை வேண்டா என்று ஒதுக்குவது அறியாமை.

பணம் பெறும் வழியும் எளிதாகியுள்ளது. 2016-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த பணப்பரிமாற்ற முறையால், கீரை விற்கும் மூதாட்டியும் கட்டங்கட்டமான குறியட்டை ஒன்றை வைத்து விலையைப் பெறுகின்றார். 2020 சனவரி முதல் இதற்கு வணிகரிடம் கட்டணம் பெறுவது நீக்கப்பட்டது. 2023 ஆகத்துத் திங்களில் மட்டும் இம்முறையில் 1000 கோடிக்கும் மேற்பட்ட பரிமாற்றங்கள் நிகழ்ந்தன. பொதுவான வழி ஒன்றை அரசும் வைப்பகங்களும் சேர்ந்து அமைத்தால் எளியவனும் அதில் நடக்கலாம் என்பதற்கு இது சான்று. ஆயினும், அந்தப் பொதுவழியில் ஓடும் வண்டிகளுள் மிகப் பெரும்பான்மை இரண்டே நிறுவனங்களுடையவாய் இருந்து வருகின்றன; அவை இரண்டும் அமெரிக்கப் பெருமுதலாளிகளின் கையில் உள்ளன. எந்த ஒரு செயலியும் 30 விழுக்காட்டுக்கு மேல் கைக்கொள்ளலாகாது என்று 2020-இல் வரம்பு அறிவித்தனர். அதனை நடைமுறைப்படுத்தாமல் தள்ளித் தள்ளி வைத்தனர். 2024 இறுதியில் மேலும் ஈராண்டு தள்ளினர். வழி பொதுவாயினும் வண்டி தனியாருடையதாயின் நிலை என்னவாகும் என்பதை இதனால் அறியலாம்.

இனி, விளம்பரம் அங்கே எவ்வாறு விலை பேசப்படுகின்றது என்பதைப் பார்க்கவேண்டும். ஒருவர் தேடுபொறியில் ‘பட்டுச்சேலை’ என்று தட்டிய அந்நொடியிலேயே, அச்சொல்லின் மேல் ஓர் ஏலம் நடந்து முடிகின்றது. யார் எவ்வளவு தருவர், அவர்தம் விளம்பரம் எவ்வளவு பொருத்தம் என்பவற்றைப் பொறி கணக்கிட்டு, வென்றவரை முன்னே நிறுத்துகின்றது. இந்த ஏலத்தில் காஞ்சியின் தனி நெசவாளியும், நாடெங்கும் கிளை பரப்பிய பெருங்கடையும் ஒரே மேடையில் நின்று விலை கேட்கின்றனர். பொங்கல், திருமணக் காலங்களில் கேட்போர் பெருகப் பெருக அச்சொல்லின் விலையும் ஏறுகின்றது. விற்பனை மிகுதியாக நடக்கவேண்டிய காலத்திலேயே எளியவன் விளம்பரத்தை விட்டு விலக நேர்கின்றது. இணைய அங்காடிக்குச் சென்றால் தரகும், ஏற்றிறக்கச் செலவும், திருப்பியனுப்பப்பட்ட பொருளின் இழப்பும் சேர்ந்து அவன் ஊதியத்தைக் கரைக்கின்றன. தன்னிடம் வாங்கியவர் யார் என்னும் பட்டியலும் அவனிடம் இருப்பதில்லை. அஃது அங்காடிக்காரனிடம் இருக்கின்றது.

தெரு பிறனுடையதாயின் அது ஒரே நாளில் மறையவும் கூடும். 2020 சூன் 29-இல் இந்திய அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 சீனச் செயலிகளைத் தடை செய்தது. அத்தடை சரியா தவறா என்பது வேறு வழக்கு. அச்செயலி ஒன்றையே நம்பிப் பின்தொடர்வோரைத் திரட்டியிருந்த சிறு கலைஞரும் சிறு வணிகரும் மறுநாள் வெறுங்கையராயினர் என்பதே ஈண்டு எண்ணத்தக்கது. 2021 அக்தோபர் 4-ஆம் நாள் இரவு முகநூலும் புலனமும் படவரியும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் உலகெங்கும் முடங்கின. கணிப்பொறிப் பிணையத்தில் நேர்ந்த ஒரு பிழைக்கே அத்தனைக் கடைகளும் கதவடைக்க நேர்ந்தது. இதற்கு எந்த நெசவாளியும் யாரிடமும் இழப்பீடு கேட்க முடிந்ததில்லை.

மொழியின் நிலையோ இன்னும் வருந்தத்தக்கது. இணையத்தில் முதலில் ஏறிய இந்திய மொழிகளுள் தமிழும் ஒன்று. 1995-இலேயே சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் தமிழ் இணையத்தில் எழுந்து நின்றது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்த் தட்டச்சு முறைக்கும் ஒரு பொதுமை காணப்பட்டது. இருந்தும், கூகுள் நிறுவனம் தன் விளம்பரப் பணியைத் தமிழ்ப் பக்கங்களுக்குத் திறந்துவிட்டது 2018-இல்தான். இந்திக்கு 2014-இலும் வங்காளிக்கு 2017-இலும் அவ்வாய்ப்புக் கிடைத்தது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழில் எழுதியவர், இவ்வழியில் ஒரு காசும் பெறாமலே எழுதினர். எழுதுவோர்க்கு வருவாய் இல்லாத இடத்தில் எழுத்து எவ்வாறு பெருகும்? எழுத்துப் பெருகாத இடத்தில் வாங்குவோர் எவ்வாறு திரள்வர்?

இதற்கு அயலானை மட்டும் குறை கூறிப் பயனில்லை. தமிழ்நாட்டு வணிகனே தன் கடைப்பலகையையும் பொருட்பட்டியலையும் ஆங்கிலத்தில் எழுதினான். தமிழையும் ஆங்கில எழுத்திலே தட்டினான். ‘தமிழில் விளம்பரம் செய்ய வழி எங்கே’ என்று அவன் ஒருமித்துக் கேட்டதில்லை. கேளாத மொழிக்கு எந்த முதலாளி கதவைத் திறப்பான்?

தமிழின் இயல்பை அறிந்த பொறியும் வேண்டும். சேலை என்பார் ஓர் ஊரார். புடவை என்பார் மற்றோர் ஊரார். சீலை என்பாரும் உளர். சேலையை, சேலைக்கு, சேலைகளில் என ஒரு சொல்லே வேற்றுமையுருபேற்றுப் பல வடிவம் கொள்ளும். ஆங்கிலத்துக்கென அமைந்த தேடல் முறை இவற்றையெல்லாம் வேறு வேறு சொற்களாகக் கொண்டு தடுமாறும். இவ்வேறுபாடுகளை அறிந்து தேடித் தரும் பொறியை ஆக்குவது, தமிழ் இலக்கணம் கற்றவரும் கணிப்பொறி கற்றவரும் சேர்ந்து செய்யத்தக்க பணி. அது மொழிப்பணி, வயிற்றுப்பணியும் அதுவே. ஆங்கிலம் அறியாத உழவனும் நெசவாளியும் வாங்குவோராகவும் விற்போராகவும் அத்தெருவில் நுழைவதற்கு வேறு வாயில் இல்லை.

நம்பகம் மற்றொரு தடை. துணியைத் தொட்டுப் பார்த்து வாங்கிய மக்கள், படத்தைப் பார்த்து வாங்கும்போது ஏமாற்றுக்காரனுக்கு வேட்டை எளிதாகின்றது. விசைத்தறியில் ஓடியதைக் கைத்தறி என்று விற்பது பழைய தீமை. 1985-ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டமே அதனைத் தடுக்க எழுந்தது. கண்ணாடித் திரையில் அத்தீமைக்கு ஆயிரம் முகம். கைத்தறிக் குறி, பட்டுக் குறி, புவிசார் குறியீடு ஆகியவற்றை வாங்குவோர் உடனுக்குடன் சரிபார்க்கும் ஏற்பாடு இல்லாதவரை, உண்மையாக நெய்தவனே விலையில் தோற்பான். வாங்குவோரை மயக்கும் 13 வகைச் சூழ்ச்சிகளைத் தடை செய்து 2023 நவம்பரில் நடுவணரசு நெறிமுறை வெளியிட்டது. நெறிமுறை எழுதுவது எளிது. அதனைக் காவல் செய்வதே அரிது.

ஆட்சியாளர் போக்கும் ஒருசீராக இல்லை. எளிய வணிகன் ஒருவன் இணைய அங்காடி வழியே விற்கவேண்டுமாயின், விற்பனை எவ்வளவு சிறிதாயினும் சரக்கு-பணி வரிக்குப் பதிவு செய்தே ஆகவேண்டும் என்றிருந்தது. 2023 அக்தோபரில்தான் அது தளர்ந்தது. அதுவும் சரக்கைத் தன் மாநிலத்துக்குள் விற்பவனுக்கு மட்டுமே. மறுபுறம், வெளிநாட்டு நிறுவனங்கள் ஈட்டும் இணைய விளம்பர வருவாயின் மேல் 2016-இல் விதித்த 6 விழுக்காட்டு வரியை, அமெரிக்கா இவ்வகை வரிகளை எதிர்த்து வந்த நிலையில், 2025 ஏப்பிரல் முதல் நீக்கினர். போட்டி ஆணையம் 2022 அக்தோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி உருபாவும், 2024 நவம்பரில் புலனத்தின் உரிமையாளர்க்கு 213.14 கோடி உருபாவும் தண்டம் விதித்தது. பாராட்டத்தக்கதே! எனினும், தண்டத்தொகை அரசின் கருவூலத்துக்குச் செல்கின்றது. தெருவின் உடைமையோ மாறவில்லை.

மாற்ற இயலாதா? இயலும். முகநூல் தான் தேர்ந்த சில தளங்களை மட்டும் இலவசமாகக் காட்டி ஏழைகளை வளைக்கத் திட்டமிட்டபோது, நூறாயிரக் கணக்கான மக்கள் மடல் எழுதி எதிர்த்தனர். 2016 பிப்பிரவரி 8-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் அவ்வகைக் கட்டண வேறுபாட்டைத் தடை செய்தது. ஒரு செயலியில் உள்ள விற்பவரை வேறொரு செயலியில் உள்ள வாங்குவோரும் காணும்படியான திறந்த வணிகப் பிணையம் ஒன்று, 2022 ஏப்பிரலில் கோவை உள்ளிட்ட ஐந்து நகரங்களில் வெள்ளோட்டம் விடப்பட்டது. அது பெருநிறுவனங்களை அசைத்துவிடவில்லை. ஆயினும், தெருவைப் பொதுவாக்கும் வழி எது என்பதைக் காட்டியுள்ளது.

தமிழ்நாட்டில் செய்யவேண்டுவன தெளிவானவை. கைத்தறி நெசவாளர் கூட்டுறவாகக் கோ-ஆப்டெக்சு 1935-இலேயே பிறந்தது. தனித்தனி நெசவாளி தனித்தனியே ஏலத்தில் நின்று தோற்பதை விடுத்து, ஊர்தோறும் தொழில்தோறும் கூட்டுறவாக விளம்பரம் செய்க. வாங்கியவர் பட்டியலைத் தம் கையேட்டில் தாமே வைத்துக் காக்க. ஒரே செயலியை நம்பாமல், சிறிதாயினும் சொந்த வலைத்தளம் ஒன்று வைத்திருக்க. பொருளின் பெயரை, செய்முறையை, ஊரின் சிறப்பைத் தமிழ் எழுத்தில் தமிழாக எழுதுக. தொழிற்பயிலகங்களும் கல்லூரிகளும் இக்கலையைத் தமிழில் கற்பிக்க. தேடலுக்கும் குறி சரிபார்ப்புக்கும் வேண்டிய கருவிகளைப் பொதுவுடைமையாக ஆக்கித் தர மாநில அரசு முன்வருக.

கடலோடி வணிகம் செய்த இனத்துக்குப் புதிய கடல் அச்சந்தருவது அன்று. ஆனால், பிறன் கலத்தில் கூலியாய் ஏறிச் செல்வதைக் கடலோடுதல் என்று எவரும் சொல்லார். தறி தமிழனுடையது, உழைப்பும் அவனுடையது. தெருவும் ஊருடையதாகும் நாளிலேதான் அவ்வுழைப்பின் விலை அவன் இல்லம் வந்து சேரும். அந்நாளுக்கு உழைப்போர் இன்றே ஒன்று கூடுக!