நானூறு குதிரையும் ஒரு கயிறும்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பிட்ட அலுப்பில் டெலிவிஷன் பெட்டிக்கு முன்னால் சாய்ந்திருந்தேன். அமெரிக்க ஏரி ஒன்றில் மோட்டார் படகு ஒன்று போய்க்கொண்டிருந்தது. படகின் மேலே வளைத்துக் கட்டிய கம்பிக் கோபுரத்திலிருந்து ஒரு கயிறு நீண்டது. அதன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு கால்களையும் ஒரே பலகையில் மாட்டிக்கொண்டு, ஒரு வாலிபன் தண்ணீர்மேல் வழுக்கிக்கொண்டு வந்தான். படகு எழுப்பிய அலையில் ஏறினான். ஆகாயத்தில் ஒரு குட்டிக்கரணம் போட்டான். ஒன்றும் நடக்காதவன்போல மறுபடி தண்ணீரில் இறங்கிச் சென்றான். இந்த விளையாட்டுக்கு வேக்போர்டிங் என்று பெயர்.

"அப்பா, அந்தப் படகுக்கு எத்தனை குதிரைச் சக்தி?" என்றான் என் பையன்.

"நானூறு இருக்கும்."

"எவ்வளவு வேகம் போகும்?"

"இந்த ஆட்டத்துக்கு மணிக்கு 35 கிலோமீட்டர் போதும்."

பையன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். அவனுடைய பள்ளிக்கூட பஸ்ஸே அதைவிட வேகமாகப் போகிறது! "பின்னே நானூறு குதிரை எதற்கு?" என்றான்.

நல்ல கேள்வி. இந்த ரகப் படகு வாங்கப் போகிறவர் எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் அதுதான்.

1922ஆம் ஆண்டில் மின்னஸோட்டா மாநிலத்துப் பெப்பின் ஏரியில், ரால்ஃப் சாமுவேல்ஸன் என்ற பதினெட்டு வயது இளைஞர் காலுக்கொரு பலகை கட்டிக்கொண்டு படகின் பின்னால் சறுக்கிக் காட்டினார். அவர் வழி வந்த நீர்ச்சறுக்குக்காரர்களுக்கு வேகம் வேண்டும், அலை கூடாது. 1985இல் கலிபோர்னியாவில் டோனி ஃபின் 'ஸ்கர்ஃபர்' என்ற ஒற்றைப் பலகையைக் கொண்டுவந்த பிறகு விஷயம் தலைகீழாயிற்று. புதிய ஆட்டக்காரர்களுக்கு அலைதான் உயிர்.

அலை பெரிதாக எழ வேண்டுமானால் படகு தண்ணீரில் நன்றாக அமிழ வேண்டும். அதற்காக வேண்டுமென்றே படகைக் கனமாக்குகிறார்கள். அடிவயிற்றில் தொட்டிகள் வைத்து, ஏரித் தண்ணீரையே பம்ப் செய்து ஆயிரம் கிலோ, சில படகுகளில் இரண்டாயிரம் கிலோ வரை நிரப்புகிறார்கள். படகின் சொந்த எடை இரண்டு மூன்று டன். அதற்குமேல் பத்து சிநேகிதர்கள், அவர்களுடைய சாப்பாட்டுக் கூடைகள்! உலகத்தில் எல்லாரும் படகில் புகுந்த தண்ணீரை இறைத்துக் கொட்டுவார்கள். இவர்கள் மட்டும் காசு செலவழித்து உள்ளே ஏற்றுகிறார்கள்.

ஆகவே இந்தப் படகுக்கு வேண்டியது ஓட்டமல்ல, இழுப்பு. பந்தயக் குதிரையைக் கொண்டுவந்து செக்கில் பூட்டினால் எண்ணெய் வருமா? செக்குக்கு மாடுதான் சரி. மெதுவாகச் சுற்றும்போதே பலமாகத் திருப்பும் சக்திக்கு 'முறுக்கு விசை' என்று பெயர். (முறுக்கு என்றதும் பையன் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். அது வேறு முறுக்கு.) என்ஜின் விளம்பரத்தில் குதிரைச் சக்தியைக் கொட்டை எழுத்தில் போடுவார்கள். நாம் பார்க்க வேண்டியது, குறைந்த சுற்றிலேயே எவ்வளவு முறுக்கு விசை கிடைக்கிறது என்பதை.

இந்தப் படகுகளில் பெரும்பாலும் இருப்பது எட்டு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின். நாலைந்து பேர் உள்ள குடும்பம், தொட்டியை அரைகுறையாக நிரப்பி விளையாடுவதற்கு 5.7 லிட்டர் ரகம் தாராளமாகப் போதும். பத்துப் பேரை ஏற்றி, தொட்டி முழுவதும் நிரப்புகிறவருக்கு 6.2 லிட்டர் ரகம் அவசியம். சிறிய என்ஜின் வாங்கிப் பெரிய சுமை ஏற்றினால் மிச்சம் பிடித்ததாக ஆகாது. படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு திணறும். பெட்ரோல் ஆறாக ஓடும். கயிற்றைப் பிடித்தவன் எழுந்திருக்க முடியாமல் தோள்பட்டை நோகத் தண்ணீரிலேயே இழுபடுவான்.

பழைய கார் என்ஜினை மலிவாக வாங்கி மாட்டினால் என்ன என்று சிலருக்குத் தோன்றலாம். தோன்ற வேண்டாம்! சமதரையில் ஓடும் கார் தன் பலத்தில் கொஞ்சத்தைத்தான் செலவழிக்கிறது. படகுக்கோ நாள் முழுவதும் மலை ஏறுவதுபோன்ற வேலை. அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடியில் தேங்கி நிற்கும். ஒரு தீப்பொறி போதும். படகுக்கென்று செய்த ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டரும் பொறி வெளியே வராதபடி அமைந்தவை. அப்படியும், பெட்ரோல் போட்ட பிறகு என்ஜினைக் கிளப்புமுன் நாலு நிமிஷமாவது காற்றூதியை ஓடவிட வேண்டும்.

இனி, ஏரி எங்கே இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். கலிபோர்னியா, நெவாடா எல்லையிலுள்ள டாஹோ ஏரி கடல் மட்டத்துக்கு 6,200 அடிக்கு மேலே இருக்கிறது. அங்கே காற்று மெலிவு. ஆயிரம் அடி ஏறினால் சாதாரண என்ஜின் சுமார் 3 சதவிகிதம் சக்தி இழக்கும் என்பது கணக்கு. நானூறு குதிரைகளில் எழுபதுக்கு மேற்பட்டவை மலை ஏறும் வழியிலேயே நின்றுவிடுகின்றன! அங்கே படகு விடுகிறவர் ஒரு படி பெரிய என்ஜினாக வாங்க வேண்டும்; அல்லது புரொப்பெல்லரை மாற்ற வேண்டும். புரொப்பெல்லர் என்ற சுழல் விசிறியின் சரிவு குறைந்தால் வேகம் குறையும், இழுப்பு கூடும். வழக்கமான சுமையை ஏற்றி முழு விசையில் ஓட்டிப் பாருங்கள். கம்பெனி சொன்ன சுற்று எண்ணிக்கையை எட்டாவிட்டால் என்ஜின் திணறுகிறது என்று அர்த்தம். பல சமயம் புது என்ஜின் தேவைப்படாது. புது விசிறியே போதும்.

இவ்வளவையும் நான் பிரசங்கம் செய்துகொண்டிருந்தபோது, கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி தலை நிமிராமலே கேட்டாள்: "ஏங்க, பின்னால் வருகிற பிள்ளை விழுந்துவிட்டால், அந்த விசிறி எங்கே இருக்கும்?"

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வியை அவள் கேட்டுவிட்டாள். படகின் பின்பக்கம் தொங்கும் என்ஜினில் புரொப்பெல்லர் படகுக்கு வெளியே, விழுந்தவன் ஏறி வரும் இடத்திலேயே சுழலும். ஆகையால்தான் வேக்போர்டு படகுகளில் என்ஜினை உள்ளே வைத்து, தண்டைப் படகின் அடி வழியாக விட்டு, புரொப்பெல்லரை அடிப்பாகத்தின் கீழே ஒதுக்கியிருக்கிறார்கள். 2015இல் வால்வோ பென்டா, விசிறி முன்னோக்கியபடி படகின் அடியில் சுழலும் அமைப்பு ஒன்றைக் கொண்டுவந்தது. அதற்கும் காரணம் இந்தப் பயம்தான்.

கண்ணுக்குத் தெரியாத சத்துரு இன்னொன்று: புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, வாசனையில்லை. பின்பக்கத்துப் படிப்பலகையைப் பிடித்துக்கொண்டு அலையில் சறுக்கிய இளைஞர்கள் இந்த வாயுவால் மயங்கி இறந்திருக்கிறார்கள். 2005 முதல் கலிபோர்னியாவில் அந்த விளையாட்டுக்கே தடை. 2010 முதல் அமெரிக்க விதிகளின்படி இந்த ரகப் புது என்ஜின்களில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வந்தது. விஷ வாயு வெகுவாகக் குறைந்தது, ஒழிந்துவிடவில்லை. பழைய படகு வாங்குகிறவர் அது இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது. எந்த என்ஜினானாலும், பின்னால் ஆள் இருக்கும்போது அதை நிறுத்திவிட வேண்டும்.

"புரிந்துவிட்டது, அப்பா!" என்றான் பையன். "என்ஜின் படகுக்காக இல்லை, கயிற்றின் அந்த முனையில் இருப்பவனுக்காக." நான் ஆயிரம் வார்த்தையில் சொன்னதை அவன் ஒரு வரியில் முடித்துவிட்டான்.

"சரி, முதலில் அவனுக்கு நீச்சல் கற்றுக்கொடுங்கள்" என்றாள் என் மனைவி.

எனக்கே நீச்சல் தெரியாது என்ற ரகசியம் அன்று வெளியாகிவிட்டது. அடுத்த வாரத்திலிருந்து அப்பாவும் பிள்ளையும் ஒரே வகுப்பில் சேர்கிறோம். நானூறு குதிரைகள் அதுவரை லாயத்திலேயே இருக்கட்டும்.