சிக்னல் ஃபுல்லாக இருந்தால் போதுமா?

"சிக்னல் ஃபுல்லாத்தானே காட்டுது, நெட் மட்டும் ஏன் சுத்திக்கிட்டே இருக்கு?" மும்பையின் சீத்தா கேம்பில் எந்தக் கல்லியிலும் கேட்கிற கேள்வி. வைஃபைதான் இன்டர்நெட், கோடுகள் நிறைந்தால் வேகமும் நிறையும் என்ற நம்பிக்கை இதன் அடியில் இருக்கிறது. அது தவறு. சிறு வருமானக் குடும்பங்களின் பணத்தைக் கரைக்கிற தவறு.

வைஃபை என்பது போனுக்கும் ரவுட்டருக்கும் நடுவே சில அடி தூரத்து ரேடியோ இணைப்பு. கோடுகள் அதன் பலத்தை மட்டும் காட்டும். ரவுட்டருக்கு அப்பால் ஃபைபர், கேபிள்காரரின் பெட்டி, நிறுவனத்தின் நெட்வொர்க், கடலடி கேபிள் என்று பாதை நீள்கிறது. அதில் எங்கே அடைத்தாலும் நெட் திணறும், கோடுகள் குறையாது. 2008 ஜனவரியில் எகிப்தின் அலெக்சாண்ட்ரியா அருகே கடலடி கேபிள்கள் அறுந்தபோது இந்தியாவில் நெட் தள்ளாடியது. நம் வீட்டு ரவுட்டர்களில் ஒரு பழுதும் இல்லை.

சரி, வெளியே எல்லாம் ஒழுங்கு என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் கல்லிக்குள்ளேயே நெரிசல் இருக்கிறது. எமர்ஜென்சி காலத்தில், 1976இல், ஜனதா காலனியை இடித்து மக்களைக் கொண்டுவந்து இறக்கிய இடம் சீத்தா கேம்ப். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், வீட்டுக்கு வீடு ரவுட்டர். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான். ஒரே சேனலில் ஒரு ரவுட்டர் அனுப்பும்போது பக்கத்து வீட்டு ரவுட்டர் காத்திருக்க வேண்டும். எல்லா வீட்டிலும் சிக்னல் ஃபுல், எல்லா வீட்டிலும் நெட் மந்தம்.

இந்த நேரத்தில்தான் "பூஸ்டர் வாங்குங்க", "100 எம்பிபிஎஸ் பிளான் போடுங்க" என்ற ஆலோசனை வருகிறது. சாதாரண பூஸ்டர், தான் பெற்ற தகவலை அதே சேனலில் மறுபடி அனுப்பி நெரிசலைக் கூட்டும். 100 எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு அதிகபட்சம் 12.5 மெகாபைட், அதுவும் ரவுட்டர் வரைக்கும்தான். கல்லியின் நெரிசலை எந்த பிளானும் குறைக்காது.

"இதெல்லாம் படித்தவர்கள் விஷயம்" என்று ஒதுங்காதீர்கள். காசு கட்டுவது நீங்கள். அடுத்த ரீசார்ஜுக்கு முன் ஒரு லேப்டாப்பை லேன் கேபிளால் ரவுட்டரோடு இணைத்து வேகத்தைப் பாருங்கள். கேபிளிலும் மந்தமா? பெரும்பாலும் கோளாறு வெளியே. கேபிள்காரரைக் கூப்பிட்டுச் சரிசெய்யச் சொல்லுங்கள். கேபிளில் வேகம், வைஃபையில் மந்தமா? சேனலை மாற்றுங்கள், ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் அதற்கு மாறுங்கள். இதற்குப் பைசா செலவில்லை. சோதிக்காமல் பெரிய பிளானுக்குப் பணம் கட்டாதீர்கள்.