மாத்திரைக்கும் பாலுக்கும் டூ!

போன செமஸ்டர் எக்ஸாமுக்கு ரெண்டு நாள் முன்னாடி எனக்கு யூரின் இன்ஃபெக்‌ஷன். காய்ச்சல், எரிச்சல்னு ஒரே அவஸ்தை. டாக்டர் சிப்ரோஃப்ளாக்சசின் எழுதித் தந்தார். காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. ‘‘அது சூடுடி, பாலோட முழுங்கு’’ன்னு போன்ல அம்மா ஆர்டர். ஹாஸ்டல் மெஸ்ல டம்ளர் பாலோட சமர்த்தா முழுங்கினேன். கண் முழிச்சுப் படிக்க ராத்திரி மூணு காபி வேற.

மூணாம் நாள் காய்ச்சலும் இறங்கலை, தூக்கமும் வரலை. நெஞ்சு படபடங்குது. எக்ஸாம் ஹால்ல பாதி பேப்பரோட எழுந்து டாக்டர்கிட்ட ஓடினேன். அவர் கேட்ட முதல் கேள்வி... ‘‘மாத்திரையை எதோட சாப்பிட்டே?’’

விஷயம் இதுதான் மக்களே! பால்ல இருக்கிற கால்சியம் இந்த மருந்தைக் கெட்டியாப் பிடிச்சுக்கும். ரத்தத்துக்குப் போக வேண்டிய மருந்துல ஒரு பங்கு வயித்தோடயே போயிடும். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கிற ஜெல், இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதே கதைதான். காபி மேட்டர் இன்னும் மோசம். கல்லீரல் கஃபீனைக் கரைக்கிற வேகத்தை சிப்ரோஃப்ளாக்சசின் குறைச்சிடும். ஒரு காபி குடிச்சாலும் அது ரொம்ப நேரம் உடம்புலயே சுத்தும். படபடப்புக்குக் காரணம் எக்ஸாம் மட்டும் இல்லை!

அப்பதான் பாட்டி ஞாபகம் வந்து பக்குனு ஆச்சு. இதயத்துல செயற்கை வால்வு. ரத்தம் உறையாம இருக்க தினம் வார்ஃபரின். ‘ரத்தம் ஊறும்’னு யாரோ சொல்ல, ஒரு வாரமா முருங்கைக்கீரையா வெளுத்துக்கட்டுறாங்க. கீரையில இருக்கிற வைட்டமின் கே, வார்ஃபரினுக்கு நேர் எதிரி. வால்வுல ரத்தம் கட்டினா உயிருக்கே ஆபத்து. உடனே அப்பாவுக்கு போன் போட்டு, பாட்டியை ரத்த டெஸ்ட்டுக்குக் கூட்டிட்டுப் போக வெச்சேன். நினைச்ச மாதிரியே மருந்தோட பவர் குறைஞ்சிருந்தது. டாக்டர் அளவை மாத்தினார். கீரையைச் சுத்தமா நிறுத்தச் சொல்லலை. ‘‘எவ்வளவு சாப்பிட்டாலும் தினம் ஒரே அளவா இருக்கட்டும்’’னுதான் சொன்னார்.

இனிமே மருந்துச் சீட்டு வாங்கினா உடனே எழுந்து ஓடாதீங்க. சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா? எதோட சேரக் கூடாது? ஏற்கெனவே சாப்பிடுற மாத்திரைக்கு ஒத்துக்குமா? மூணே கேள்வி. வைவாவுல நம்மளைக் கேள்வியா கேட்டுக் கொல்றாங்கல்ல... இங்கே நாம கேட்போம் பாஸ்!

எனக்கு அந்தப் பேப்பர் அரியர்தான். பரவாயில்லை, பாட்டி பாஸ்!