மேஜைக்கு ஆசைப்பட்ட ஒருத்தி

கோர்ட்டுப் படம், குத்துச்சண்டைப் படம், நையாண்டிப் படம் என ஓடிடியில் எந்த ரகத்தைத் தொட்டாலும் இன்று நம்ம ஆள் ஒருவர் இருக்கிறார். 'நம்மளையும் காட்டுறாங்கப்பா' என்று தோழர்களுக்கு மகிழ்ச்சி. காட்டுகிறார்கள், சரி. அடிவாங்கவா, ஆசைப்படவா?

'ஜெய்பீம்' (2021) 1993இல் நடந்த காவல்நிலையக் கொலையைச் சொன்ன படம். லாக்கப்பில் இருளர் உடம்பு நொறுக்கப்படுவதை கேமரா விடாமல் காட்டுகிறது. யோசிப்பது, வாதாடுவது எல்லாம் வக்கீல். செங்கேணி பணத்தை மறுக்கிற இடத்தையும் போலீஸ் ஜீப்பில் ஏறாமல் நடக்கிற இடத்தையும் நான் குறைசொல்ல மாட்டேன். கடைசிக் காட்சிதான் உறுத்துகிறது. அவளுடைய மகள் வக்கீல் எதிரே கால்மேல் கால் போட்டுப் பேப்பர் படிக்கிறாள். அவர் பார்த்ததும் தயங்குகிறாள். அவர் ஜாடை காட்டிய பிறகே தைரியம் வருகிறது. கால்மேல் கால் போட எவனிடமய்யா பர்மிஷன் வாங்குவது?

'சீரியஸ் மென்' (2020) இந்திப் படத்தில் அய்யன் மணிக்கு மூளை கொடுத்தார்கள். என்ன மூளை? பெற்ற மகனைப் போலி மேதையாக்கி ஊரை ஏய்க்கிற மூளை. சிரிக்க வைக்கிற படம்தான். 'கோட்டாவுல வந்தவனுக்கு எங்க சரக்கு இருக்கு' என்று சொல்லித் திரிகிறவனும் கூடவே உட்கார்ந்து சிரிப்பான்.

'சார்பட்டா பரம்பரை'யின் (2021) கபிலன் வேறு ஆள். வெறி உண்டு, குடியும் தொப்பையும் உண்டு, மாரியம்மாவிடம் வாங்கிக்கட்டிக்கொள்வதும் உண்டு. முன்பெஞ்சில் விசிலோடு பார்க்கவேண்டிய படத்தை கொரோனா கைப்பேசிக்குள் அடைத்துவிட்டது.

நான் சொல்லவந்தது நீரஜ் கேவானின் 'கீலி புச்சி' பற்றி. 'அஜீப் தாஸ்தான்ஸ்' (2021) என்ற நாலு குறும்படத் தொகுப்பில் ஒன்று. பாரதி மண்டல் தொழிற்சாலையில் எந்திரத்தோடு மல்லுக்கட்டுகிறவள். ஆபீஸில் மேஜை வேலை கேட்கிறாள். தகுதி இருந்தும் அது பிரியா சர்மாவுக்குப் போகிறது. இரண்டு பெண்களுக்கும் நடுவே காதல் முளைக்கிறது. பாரதி தன் சாதியைச் சொன்னதும் பிரியா சுருங்கிப்போகிறாள். பாரதி அழுது ஓயவில்லை. பிரியாவைப் பிள்ளை பெற்றுக்கொள்ளத் தூண்டி, அவளை வீட்டோடு நிறுத்தி, மேஜையைப் பிடிக்கிறாள். பிரியா வீட்டில் எல்லாருக்கும் பீங்கான் கோப்பை, இவளுக்கு மட்டும் எவர்சில்வர் டம்ளர். அதில் டீ குடித்தபடியே இதைச் செய்கிறாள்.

'பழிவாங்கல் விடுதலை ஆகாது' என்றார் ஒரு தோழர். யார் விடுதலை என்றது? நாம் நல்லவர்களாகவே இருந்து சாகவேண்டுமா? தந்திரம் செய்ய, மனசு கோணலாக இருக்க நமக்கு மட்டும் தடையா? நானும் மேஜை வேலைக்காரன். கவுண்டருக்குப் பின்னால் 'அவரு கோட்டா' என்ற முணுமுணுப்பைக் கேட்டவன். பாரதியின் ஆசை எனக்குப் புரிகிறது.

அதே இயக்குநரின் 'ஹோம்பவுண்ட்' (2025) படத்தில் போலீஸ் வேலைக்கு மனுப்போடும் சந்தன், சாதியை மறைத்துப் பொதுப்பிரிவு என்று எழுதுகிறான். அந்த ஒரு இடம் போதும், நெஞ்சு அடைத்துக்கொண்டது. ஆனால் முடிவில் ஊரடங்குப் பாதையில் சாவு. 2020இல் உண்மையாக நடந்ததுதான், மறுக்கவில்லை. இருந்தாலும் உலகம் பாராட்டுவதற்கு மறுபடி நம் பிணம்தான் கிடைத்தது.

படிப்பு வட்டங்களில் 'ஜெய்பீம்' போடுகிற தோழர்கள் ஒருநாள் 'கீலி புச்சி'யையும் போடுங்கள். ஒரு மணிநேரம்கூட ஓடாது. இந்தி தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வரட்டும். சண்டை வரும், வரட்டும்.