படர்தாமரைக்கும் நாக்கில் படியும் பூஞ்சைக்கும் மருந்து: எங்கள் நிலைப்பாடு

தோல் மருத்துவர்கள், பொது மருத்துவர்கள், பல் மருத்துவர்கள், மருந்தாளுநர்கள் சேர்ந்து இயங்கும் எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு இது. பூஞ்சைத் தொற்றுக்கு ஸ்டீராய்டு கலந்த களிம்பை மருத்துவர் எழுதவும் கூடாது, கடைக்காரர் விற்கவும் கூடாது. பூஞ்சைக்கொல்லி மருந்தை, எந்தப் பூஞ்சை, எந்த இடம், எத்தனை நாள் என்று முடிவு செய்த பிறகே கொடுக்க வேண்டும். வயது வந்த ஒருவருக்கு வாயில் பூஞ்சை வந்தால், மருந்து கொடுத்ததோடு விடாமல் அது ஏன் வந்தது என்று தேடியாக வேண்டும்.

மெடிக்கல் ஷாப்பில் “அரிப்புக்கு ஒரு ஆயின்மென்ட் கொடுங்க” என்று கேட்டு வாங்கிய டியூப் வீட்டில் இருந்தால், அதிலுள்ள பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள். க்ளோபெட்டசால், ஆஃப்லாக்சசின், ஆர்னிடசோல், டெர்பினஃபைன் என்ற நான்கு பெயர்களோ, அவற்றின் உறவுக்காரப் பெயர்களோ இருக்கக்கூடும். முதலாவது ஸ்டீராய்டு, அதுவும் தோலில் பூசுபவற்றிலேயே மிக வீரியமான வகை. இரண்டாவது பாக்டீரியாவுக்கானது. மூன்றாவது அமீபாவுக்கும் காற்றில்லாத இடத்தில் வளரும் பாக்டீரியாவுக்கும் தருவது. படர்தாமரையில் அதற்கு என்ன வேலை என்று மருத்துவம் படித்த எங்களுக்கே புரியவில்லை. நான்காவது ஒன்றுதான் பூஞ்சையைக் கொல்ல வந்தது.

இந்தக் கலவை ஏன் விற்கிறது என்பதும் தெரிந்ததே. பூசிய ஓரிரு நாளில் அரிப்பு அடங்கிவிடும், சிவப்பு மங்கிவிடும். “நல்ல மருந்து” என்று பெயர் வாங்கிவிடும். நடந்தது வேறு. பூஞ்சையை எதிர்த்துக்கொண்டிருந்த தோலின் எதிர்ப்புச் சக்தியை ஸ்டீராய்டு அடக்கிவிட்டது. அரிப்பு இல்லாததால் ஆள் நிம்மதியாக இருக்கிறார், பூஞ்சையோ தடையில்லாமல் பரவுகிறது. களிம்பை நிறுத்தியதும் முன்னைவிட அகலமாகத் திரும்புகிறது, மறுபடி அதே டியூப். சில மாதங்கள் இப்படிப் போனால் வட்டத்துக்குள் வட்டமாகத் தடிப்புகள் தோன்றும். தொடையிடுக்கில் தோல் மெலிந்து, பிரசவத் தழும்பு போன்ற வரிகள் விழும். பூஞ்சை போனாலும் அந்த வரிகள் போவதில்லை. இதற்குள் அதே டியூபும் அதே துண்டும் கணவன், மனைவி, பிள்ளை என்று வீடு முழுக்கச் சுற்றி வந்திருக்கும்.

அப்படிப்பட்ட ஒருவரின் தடிப்பு விளிம்பில் பிளேடின் மழுங்கிய பக்கத்தால் லேசாகச் சுரண்டி, உதிரும் செதிளைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டுச் சில நிமிடம் கழித்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், கிளை விட்ட நூல்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும். ஸ்டீராய்டு பூசிய தோலில் அந்த நூல்கள் கூடுதலாகவே இருக்கும். கேஓஎச் என்று நாங்கள் சுருக்கமாகச் சொல்லும் இந்தச் சோதனைக்குப் பெரிய கருவியோ பெரிய செலவோ தேவையில்லை. ஆனாலும் பல இடங்களில் செய்வதில்லை. கண்ணால் பார்த்தே எழுதிவிடுகிறோம் என்பதை எங்கள் உறுப்பினர்களுக்கும் சேர்த்தே சொல்கிறோம்.

ஒரு வீட்டுக் குறையாக இருந்தது இப்போது உலகப் பிரச்சினையாகிவிட்டது. இந்தியாவிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் சென்ற நோயாளிகளிடம் எடுத்த ஒரு பூஞ்சைக்கு, 2020-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று பெயரிட்டார்கள். பெயரிலேயே நம் நாடு ஒட்டிக்கொண்டது. டெர்பினஃபைன் எந்த நொதியைத் தாக்க வேண்டுமோ, அந்த நொதிக்கான மரபணுவிலேயே இந்தப் பூஞ்சைகள் பலவற்றில் மாற்றம் ஏற்பட்டிருக்கிறது. விளைவு, ஒரு காலத்தில் இரண்டு முதல் நான்கு வாரத்தில் குணமாக்கிய 250 மில்லிகிராம் மாத்திரை பலரிடம் வேலை செய்வதில்லை. 2023 மே மாதத்தில் நியூயார்க்கில் இருவருக்கு இது இருப்பதாக அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவித்தது. அவர்களில் ஒருவர் அண்மையில் எந்த வெளிநாட்டுக்கும் போகாதவர். கலவைக் களிம்பு மட்டுமே இதற்குக் காரணம் என்று நாங்கள் சொல்லவில்லை. அரைகுறை நாளில் நிறுத்திய மாத்திரை, நெரிசல், வெக்கை, வியர்வையில் ஊறும் இறுக்கமான உடை எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. நம் கையால் உடனே மாற்றக்கூடியது களிம்புதான்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை அட்டவணை எச்-இல் சேர்த்தது. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பது அதன் பொருள். அதே ஆண்டு செப்டம்பரில் தடை செய்யப்பட்ட 328 கலவை மருந்துகளில் சில தோல் களிம்புகளும் இருந்தன. ஒரு கலவை போனால் ஒரு பொருளை மாற்றி இன்னொரு கலவை வருகிறது. எனவே ஒவ்வொரு பெயராகத் தடை செய்வதில் எங்களுக்கு நம்பிக்கை குறைவு. வீரியமான ஸ்டீராய்டும் பூஞ்சைக்கொல்லியும் சேர்ந்த எல்லாக் கலவைகளையும் ஒட்டுமொத்தமாக விலக்க வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

சரியான மருந்து எது என்பதிலும் குழப்பம் இருக்கிறது. பூஞ்சை எல்லாம் ஒன்றல்ல. 1950-இல் எலிசபெத் ஹேசனும் ரேச்சல் பிரவுனும் கண்டறிந்த நிஸ்டாட்டின், வாயில் வளரும் கேண்டிடாவுக்கு நல்ல மருந்து. படர்தாமரைக்கு அது பயன்படாது. தேமலுக்கு டெர்பினஃபைன் மாத்திரை பலன் தராது. உடலில் ஓரிரு இடத்தில் மட்டும் படர்தாமரை இருந்தால், ஸ்டீராய்டு கலக்காத க்ளோட்ரிமசோல் போன்ற களிம்பை, கண்ணுக்குத் தெரியும் விளிம்பைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டர் வரை பூச வேண்டும். தடிப்பு மறைந்த பிறகும் இரண்டு வாரமாவது தொடர வேண்டும். பரவியிருந்தால் மாத்திரை தேவைப்படும். இட்ராகொனசோல் கேப்சூலைச் சாப்பாட்டோடு விழுங்க வேண்டும். அசிடிட்டி மாத்திரையோடு சேர்த்துப் போட்டால் அது உடலில் சரியாகச் சேராது. இதயம் பலவீனமானவர்களுக்கு அது ஆகாது. கீட்டோகொனசோல் மாத்திரையைத் தோல் தொற்றுக்கு எழுதவே கூடாது என்கிறோம். கல்லீரல் பாதிப்பு காரணமாக 2013-இலேயே அமெரிக்காவும் ஐரோப்பாவும் அதற்குக் கடிவாளம் போட்டுவிட்டன. ஃப்ளூகொனசோல், சர்க்கரை நோய்க்கான கிளிமிபிரைடோடு சேர்ந்தால் சர்க்கரை அளவை அதிகமாக இறக்கிவிடலாம். வார்ஃபரினோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு வரலாம். வார்ஃபரின் சாப்பிடுபவர் வாயில் தடவும் மைக்கொனசோல் ஜெல்லிலும் அதே ஆபத்து உண்டு. வாயில் தடவுவதுதானே என்று இதைப் பலர் அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள்.

வாய்க்கு வருவோம். கைக்குழந்தையின் நாக்கில் வெள்ளை படிவது சகஜம். பால் படிந்ததென்றால் துடைத்தால் போய்விடும். பூஞ்சை எளிதில் போகாது. துணியால் அழுத்தித் தேய்த்தால் ரத்தம் கசியும், அது வேண்டாம். மருத்துவர் சொல்லும் சொட்டு மருந்தைக் கொடுத்து, தாயின் மார்புக் காம்பிலும் தொற்று இருந்தால் அதற்கும் சேர்த்து மருந்து போட வேண்டும். இல்லையென்றால் இருவருக்கும் மாறி மாறி வந்துகொண்டிருக்கும்.

பெரியவர்களின் கதை வேறு. ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுப்பவர், இழுத்த பின் வாய் கொப்பளித்துத் துப்பினாலே பாதி பிரச்சினை தீரும். பயந்து இன்ஹேலரை நிறுத்திவிடக் கூடாது. பல்செட் போட்டிருப்பவர் இரவில் கழற்றிக் கழுவி ஊற வைக்காவிட்டால் எந்த மருந்தும் நிற்காது, ஏனென்றால் பூஞ்சை குடியிருப்பது பல்செட்டில். நிஸ்டாட்டினையும் குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தினால் ஒன்றின் வேலையை மற்றொன்று கெடுக்கும். இவை எதுவும் இல்லாமல் ஒருவருக்கு நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் வெள்ளை படிந்தால், சர்க்கரைச் சோதனையும் எச்ஐவி சோதனையும் செய்தே ஆக வேண்டும். அரசு மருத்துவமனை நம்பிக்கை மையங்களில் எச்ஐவி சோதனை இலவசம். முடிவு வெளியே போகாது. நோயாளி சங்கடப்படுவார் என்று அந்தச் சோதனையைத் தள்ளிப் போடுவதை நாங்கள் ஏற்கவில்லை. விழுங்கும்போது வலி இருந்தால் தொற்று உணவுக்குழாய்க்கு இறங்கியிருக்கலாம். அங்கே வாயில் தடவும் மருந்து போதாது, மாத்திரை வேண்டும்.

அரசிடம் நாங்கள் கேட்பவை: எல்லா வட்ட மருத்துவமனைகளிலும் கேஓஎச் சோதனை, ஸ்டீராய்டு உள்ள எந்தத் தோல் களிம்பானாலும் டியூபின் முன்பக்கத்தில் “ஸ்டீராய்டு உள்ளது, படர்தாமரைக்குப் பூசக் கூடாது” என்று தமிழில், கண்ணாடி போடாமல் படிக்கும் அளவு எழுத்தில் எச்சரிக்கை. அரசு முடிவு செய்யும்வரை நாங்கள் காத்திருக்கப் போவதில்லை. எங்கள் மருத்துவ உறுப்பினர்கள் பூஞ்சைக்கு இந்தக் கலவைகளை எழுத மாட்டார்கள். எங்கள் மருந்தாளுநர் உறுப்பினர்களின் கடைகளில் சீட்டு இல்லாமல் கேட்பவருக்கு இவை கிடைக்காது. ஏற்கெனவே மாதக்கணக்கில் பூசி வருபவர் வந்தால், திடீரென நிறுத்தும்போது எரிச்சலும் சிவப்பும் கூடலாம் என்று முன்கூட்டியே சொல்லி, தோல் மருத்துவரிடம் அனுப்பி வைப்பார்கள்.