நரேனை ஜெயிக்க வைக்காதீங்க!

முதல்லயே சொல்லிடறேன். இது நரேன் கார்த்திகேயனுக்கு எதிரான பதிவு இல்லை. அவரோட ரசிகர்னு சொல்லிக்கிட்டு அவரை அசிங்கப்படுத்தறவங்களுக்கு எதிரான பதிவு. நம்ம கிளாஸ்லயே ரெண்டு பேருக்குக் கோபம் வரும். வரட்டும்.

கிராண்ட் பிரிக்ஸ் 4-ன்னு ஒரு பழைய ஃபார்முலா ஒன் கேம். ஜெஃப் கிராமண்ட் உருவாக்கின வரிசையில கடைசி, 2002-ல வந்தது. உள்ளே இருக்கறது 2001 சீசன், அதாவது ஷூமாக்கர், ஹாக்கினன் காலம். அஞ்சாவது பாகம் வரவே இல்லை. ஆனா கேம் சாகலை. சும்மா இருக்க முடியாத ஆளுங்க உலகம் பூரா உட்கார்ந்து புது டீம், புது டிரைவர், ஹெல்மெட், கார் பெயிண்ட்னு மாத்திப் போட்டு ஓட்டிக்கிட்டே இருக்காங்க. இதுக்குப் பேர்தான் மோட். என்கிட்ட இருக்கற லொடலொட கம்ப்யூட்டர்ல புது கேம் எதுவும் ஓடாது. அதனால நானும் அந்தக் கூட்டத்துல ஒருத்தன்.

நம்ம ஊர்க்காரங்களுக்கு மோட்னா என்னன்னு விளக்கறது சுலபம். கம்பெனிக்காரன் லாரிக்கு வெறும் சேஸ் தர்றான். கேபின், பாடி, பெயிண்ட், நெத்தியில சாமி பேர் எல்லாம் நாமக்கல் பட்டறையில. எங்க மாமா ஒருத்தர் அந்த வேலைதான். வண்டிக்காரர் என்ன கலர் கேட்டாலும் அடிச்சுத் தருவார். மயில் வேணுமா, மயில். ஆனா சேஸ் நம்பரைத் தொட மாட்டார். தொட்டா அது பட்டறை இல்லை, திருட்டு வண்டிக் கடை.

போன மாசம் ஹாஸ்டல்ல ஒரு நண்பன் பென் டிரைவ்ல 2005 சீசன் மோட் கொண்டுவந்தான். மஞ்சள் ஜோர்டான் காரைப் பார்த்ததும் எனக்கும் புல்லரிச்சுது. மெல்பர்ன் ஆரம்பிச்சா போல் பொசிஷன் நரேன்! ரேஸும் நரேன்தான். அடுத்தது மலேசியா, அங்கயும் அவரே. "எப்படி மாப்ள, நம்மாளு!"ங்கறான்.

ஃபைலைத் திறந்து பார்த்தேன். இந்த கேம்ல ஒவ்வொரு டிரைவருக்கும் தகுதிச்சுற்றுக்கு ஒரு எண், ரேஸுக்கு ஒரு எண் உண்டு. கம்ப்யூட்டர் ஓட்டுறப்போ யார் எவ்வளவு வேகம்னு அதுதான் தீர்மானிக்கும். நரேன் எண் அலோன்சோ எண்ணுக்கு மேல இருந்துது. அந்த வருஷம் சாம்பியனே அலோன்சோதான், ஐயா!

பி.காம் பசங்களுக்கு இதுக்குப் பேர் தெரியும். விண்டோ டிரெஸ்ஸிங். நஷ்டக் கம்பெனியை லாபக் கம்பெனி மாதிரி காட்டறது. பேங்க்ல லோன் வாங்கவாவது அதைச் செய்வாங்க. நீங்க எதுக்குச் செய்யறீங்க?

நிஜத்துல நடந்ததைப் பாருங்க. கோயம்புத்தூர்க்காரர் ஒருத்தர் இந்தியாவிலேருந்து முதல் ஆளா ஃபார்முலா ஒன்னுக்குப் போறார். மெல்பர்ன்ல முதல் ரேஸ், 15-ஆவது இடம். ஜூன் மாசம் இண்டியானாபோலிஸ்ல டயர் தகராறுல மிஷலின் டயர் கார் 14-ம் உள்ளே போயிடுச்சு. மிச்சம் ஓடினது ஆறே கார். அதுல நாலாவதா வந்து 5 பாயிண்ட். "ஆறுல நாலாவதா"ன்னு சிரிக்கறவங்களுக்கு ஒண்ணு: அவருக்குப் பின்னாடி ஃபார்முலா ஒன்ல ஓட்டின ஒரே இந்தியர் நம்ம சென்னை கருண் சந்தோக். அவருக்குப் பாயிண்ட் கிடைக்கலை. இன்னிக்கு வரைக்கும் இந்திய டிரைவர் கணக்குல இருக்கறது அந்த 5 மட்டும்தான். எல்லா ரேஸும் ஜெயிக்கற நரேனுக்கு அந்த 5 பாயிண்ட் சில்லறைக் காசு. பின்வரிசை நரேனுக்கு அது சொத்து.

இதுக்கு நேர் எதிரான இன்னொரு மோசடியும் உண்டு. இந்த கேம்ல மொத்தம் 22 காருக்குத்தான் இடம். 2011-ல 12 டீம், 24 கார். ஏதோ ஒரு டீமைத் தூக்கணும். யாரைத் தூக்கத் தோணும்? கடைசியில ஓடற எச்ஆர்டியைத்தான். தூக்கினா நரேனும் காலி. "ஸ்லோ கார்தானே"ங்கறாங்க. ஸ்லோதான், மறுக்கலை. அந்த வருஷம் மெல்பர்ன்ல ரெண்டு எச்ஆர்டியும் 107 சதவீத விதியில அடிபட்டு ரேஸுக்கே தகுதி பெறலை. எட்டு ரேஸ் முடிஞ்சதும் நரேன் சீட்டை டேனியல் ரிக்கியார்டோவுக்குக் கொடுத்துட்டாங்க. அப்புறம் அக்டோபர் 30, டெல்லி பக்கம் புத் சர்க்யூட்ல முதல் இந்தியன் கிராண்ட் பிரிக்ஸ். அந்த ஒரு ரேஸுக்கு நரேனைத் திரும்ப உட்கார வெச்சாங்க. அவர் 17. பக்கத்துல அதே கார்ல ரிக்கியார்டோ 18. பின்னாடி எட்டு கிராண்ட் பிரிக்ஸ் ஜெயிச்ச ரிக்கியார்டோ!

அந்த 17 எவ்வளவு பெரிய எண்ணுன்னு தெரியணும்னா எச்ஆர்டி மெதுவாத்தான் இருக்கணும். அடுத்த வருஷம் மலேசியாவுல மழை கொட்டி ரேஸை நிறுத்தினப்போ அதே டீம் கார்ல நரேன் 10-ஆவது இடத்துல நின்னார். பெரும்பாலானவங்க வேற டயர்ல கிளம்பினப்போ இவர் முழு மழை டயர்ல கிளம்பியிருந்தார். அப்புறம் பட்டன் இடிச்சு, வெட்டல் இடிச்சு எல்லாம் போச்சு. ஆனா அந்தக் கொஞ்ச நேரம் இருந்துதே!

"கேம்தானே மாப்ள, ஜாலிக்குத்தானே"ன்னு நண்பன் கேட்டான். நீ நரேன் சீட்டுல உட்கார்ந்து, கீபோர்டைத் தேய்ச்சு ஜெயிச்சா நானே மிக்சர் வாங்கித் தர்றேன். அது உன் திறமை. நீ ஓட்டாதப்போ கம்ப்யூட்டர் எப்படி ஓட்டணும்னு எழுதி வைக்கிறியே, அது சரித்திரக் கணக்கு. அங்கே கை வைக்காதே. (ப்ளஸ் ஒன்ல நானும் சந்தோக்கை உலக சாம்பியன் ஆக்கினவன்தான். நாலாவது ரேஸ்ல தூக்கம் வந்துடுச்சு.)

இப்ப நான் 2011-ஐ நானே செஞ்சுக்கிட்டு இருக்கேன். விர்ஜின் டீமைத் தூக்கிட்டேன். அதுவும் கணக்கை மாத்தறதுதானேன்னு கேட்பீங்க. ஆமா. ஆனா இடம் இல்லாததாலதான் தூக்கினேன், 'விர்ஜின் கார் ரெண்டும் இதுல இல்லை'ன்னு மோட் கூட வர்ற குறிப்பு ஃபைல்ல முதல் வரியிலயே எழுதிட்டேன். பேலன்ஸ் ஷீட்டுக்குக் கீழே நோட்ஸ் போடற மாதிரி.

நேத்து ராத்திரி புத் சர்க்யூட் ஓட விட்டேன். நரேன் கடைசிக்கு முந்தி. ரிக்கியார்டோ கடைசி. நண்பன் கட்டில்ல எழுந்து உட்கார்ந்து கடைசி லேப் வரைக்கும் பார்த்தான். பென் டிரைவை மட்டும் இன்னும் நீட்டலை :-)