போலி அப்டேட்டுக்குப் பயந்து நிஜ அப்டேட்டை நிறுத்தலாமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி இமெயில் முகவரியும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு நாள் இப்படி ஒரு மெயில் வரலாம். "உங்கள் விண்டோஸ் பாதுகாப்பாக இல்லை. இத்துடன் உள்ள அப்டேட் பைலை உடனே இன்ஸ்டால் செய்யவும்." அனுப்பியவர் மைக்ரோசாப்ட் என்று இருக்கும். லோகோவும் பளிச்சென்று இருக்கும். பதறிப்போய் கிளிக் செய்தால் வைரஸ் உள்ளே வந்துவிடும்.

இது பழைய தந்திரம்தான். 2003 ஆகஸ்ட் 11 அன்று ப்ளாஸ்டர் என்ற வைரஸ் பரவத் தொடங்கியது. இதற்கு இமெயிலே தேவைப்படவில்லை. நெட்வொர்க் வழியாக நுழைந்து, விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டர்களைத் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆக வைத்தது. பலரும் அப்போதுதான் பேட்ச் பைலைத் தேடி ஓடினார்கள். இந்தப் பதற்றம் அடங்குவதற்குள், அடுத்த வாரமே டுமாரு வைரஸ் மைக்ரோசாப்ட் பெயரில் ஒரு மெயிலாக வந்தது. அதில் இணைத்திருந்த பைலின் பெயரே பேட்ச்.இஎக்ஸ்இ!

செப்டம்பரில் வந்த ஸ்வென் இதையும் மிஞ்சியது. மைக்ரோசாப்ட் இணையதளப் பக்கம் போலவே வடிவமைத்த மெயில். அந்த மாதத்துப் பாதுகாப்பு பேட்ச் என்ற அறிவிப்பு. பைலை இயக்கினால் இன்ஸ்டால் செய்யலாமா என்று ஒரு கட்டம் கேட்கும். "யெஸ்" அழுத்தினாலும் வைரஸ் இன்ஸ்டால் ஆகும். சந்தேகப்பட்டு "நோ" அழுத்தினாலும் சத்தமில்லாமல் இன்ஸ்டால் ஆகும். பிறகு ஆன்ட்டி வைரஸ் புரோகிராமை நிறுத்திவிட்டு, ஏதோ பிழை என்று சொல்லி உங்கள் இமெயில் பாஸ்வேர்டையும் கேட்கும்.

ஸ்வென்னிடம் இன்னொரு வேலையும் இருந்தது. இண்டர்நெட் எக்ஸ்புளோரரில் இருந்த ஒரு ஓட்டையைப் பயன்படுத்தி, சில கம்ப்யூட்டர்களில் அட்டாச்மென்ட்டை யாரும் கிளிக் செய்யாமலேயே இயங்கிவிடும். அந்த ஓட்டையை அடைக்கும் உண்மையான பேட்சை மைக்ரோசாப்ட் 2001 மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அதாவது, இரண்டரை ஆண்டுகளாக நிஜ பேட்சைப் போடாதவர்களை, போலி பேட்ச் சுலபமாகப் பிடித்தது.

இந்த இடத்தைத்தான் நாம் கவனிக்க வேண்டும். போலி மெயில்களைப் பற்றிக் கேள்விப்பட்டதும் நம்மில் சிலர், "எதற்கு வம்பு, அப்டேட்டையே ஆஃப் செய்துவிடு" என்று புதியவர்களுக்கு ஆலோசனை சொல்கிறார்கள். இது தவறான ஆலோசனை என்பது என் கருத்து. போலி மருந்து விற்கிறார்கள் என்பதற்காக யாராவது மருந்து சாப்பிடுவதையே நிறுத்துவார்களா? ப்ளாஸ்டர் நுழைந்த ஓட்டைக்கு அதற்கு முன்பே, 2003 ஜூலை 16 அன்று பேட்ச் வந்துவிட்டது. 2017 மே மாதம் உலகையே கலக்கிய வான்னாக்ரை வைரஸுக்கும் இதே கதைதான். அந்த ஓட்டைக்கான பேட்ச் மார்ச் மாதமே வந்திருந்தது. போட்டவர்கள் தப்பித்தார்கள். போடாத கம்ப்யூட்டர்களில் பைல்கள் பூட்டப்பட்டன. பிரிட்டனில் மருத்துவமனைகளே தடுமாறின.

அப்படியானால் நிஜத்தையும் போலியையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? எழுத்துப் பிழை இருக்கிறதா, லோகோ சரியாக இருக்கிறதா, அனுப்பியவர் முகவரி என்ன என்று பார்க்கச் சொல்வார்கள். பிழை இருந்தால் அது போலி என்று சந்தேகிக்கலாம். ஆனால் பிழை இல்லை என்பதால் அது நிஜம் ஆகிவிடாது. லோகோவை யாரும் காப்பி செய்யலாம். கடித உறையின் பின்னால் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம் அல்லவா? இமெயிலில் அனுப்புநர் முகவரியும் அப்படித்தான். இன்று பிழையில்லாமல் எழுதித் தரவும் கம்ப்யூட்டர் புரோகிராம்கள் வந்துவிட்டன.

எனவே மெயிலின் அழகைப் பார்க்காதீர்கள். அப்டேட் வந்த வழியைப் பாருங்கள். மைக்ரோசாப்ட் தன் அப்டேட்களை இமெயில் அட்டாச்மென்ட்டாக அனுப்புவதில்லை. விண்டோஸுக்கான அப்டேட், விண்டோஸுக்குள்ளேயே வரும். ஸ்டார்ட் அழுத்தி செட்டிங்ஸ் திறந்து, விண்டோஸ் 11 என்றால் "விண்டோஸ் அப்டேட்" பகுதிக்குச் செல்லுங்கள். அங்கே "செக் ஃபார் அப்டேட்ஸ்" கிளிக் செய்தால் போதும். குரோம் பிரவுசரில் ஹெல்ப் மெனுவில் "அபவுட் கூகுள் குரோம்" திறந்தால் அதுவே தேடி எடுத்துக்கொள்ளும். இணையதளம் பார்க்கும்போது "உங்கள் பிரவுசர் பழசாகிவிட்டது, இங்கே டவுன்லோட் செய்யுங்கள்" என்று எழும் கட்டத்துக்கும் இதே விதிதான். மூடிவிட்டு, நீங்களே மெனுவுக்குப் போய்ப் பாருங்கள்.

விண்டோஸ் 10 தொகுப்புக்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. "உங்கள் விண்டோஸ் காலாவதியாகிவிட்டது" என்று மெயில் வந்தால் இப்போது நம்பத்தான் தோன்றும். செய்தி உண்மையாகவே இருக்கட்டும். அதற்காக அந்த மெயிலில் உள்ள லிங்க்கையோ பைலையோ தொடாதீர்கள்.

ஸ்வென்னில் "நோ" பட்டனும் பொய்தான் என்பதை நினைவில் வையுங்கள். திறந்த பிறகு யோசிப்பது பயன் தராது. திறக்கும் முன் யோசியுங்கள். அப்படியே, இந்த இதழை மூடியதும் செட்டிங்ஸ் சென்று, உங்கள் கம்ப்யூட்டரில் கடைசியாக எப்போது அப்டேட் ஆனது என்று ஒருமுறை பார்த்துவிடுங்களேன்!